கார்பன் ஃபிரேமில் விரிசலா, வெறும் பெயிண்டா? அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

கார்பன் சைக்கிள் விழுந்துவிட்டால், டார்ச்சை எடுப்பதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: எது எதில் மோதியது? ஓடும்போது வழுக்கியதா, சுவரில் சாய்த்து வைத்தது சரிந்ததா, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதா, பின்னால் வந்த ஸ்கூட்டர் இடித்ததா? எங்கே தேட வேண்டும் என்பதை இந்தப் பதில்தான் சொல்லும். மறந்துபோவதற்குள் போனில் எழுதி, நாலு போட்டோவும் எடுத்து வையுங்கள். பிறகு வாரண்டி கேட்கவோ ரிப்பேர்காரரிடம் விளக்கவோ அதுதான் கைகொடுக்கும்.

ஸ்டீல் வளையும், அலுமினியம் ஒடுங்கும், பார்த்தாலே தெரியும். கார்பன் அப்படிக் காட்டிக்கொடுக்காது. மெல்லிய கார்பன் இழைகளைப் பல கோணங்களில் அடுக்கி எபாக்சி பிசினில் இறுக வைத்த சுவர் அது. அடி பட்டால் நெளிந்து பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். அல்லது உள்ளே இழை அறுந்தோ, அடுக்கு பிரிந்தோ போகலாம். இரண்டிலும் வெளியே பெயிண்ட் ஒரே மாதிரி இருக்கக்கூடும். எடை குறைந்த ரோடு பைக்கில் டாப் டியூப் எனும் மேல்குழாயின் நடுப்பகுதிச் சுவர் சுமார் 1 மில்லிமீட்டர்தான். சிலவற்றில் அதற்கும் குறைவு. அதே ஃபிரேமில் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பக்கமும் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் டியூப் பக்கமும் நல்ல கனம் இருக்கும். அதனால் ஒரே அளவு கீறல் ஓரிடத்தில் அற்பம், இன்னோரிடத்தில் ஆபத்து.

பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிற கோடுகளில் நிறைய வெறும் பெயிண்ட். உண்மையில் பயப்பட வேண்டியது பல நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியில், கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில் இருக்கிறது. கீழே உள்ளதைப் படிக்கும்போது இந்த முன்னுரிமையை மனதில் வையுங்கள்.

“டியூபில் ஒரு கோடு தெரிகிறது”

முதலில் வண்டியைக் கழுவித் துடையுங்கள். தூசி படிந்த ஃபிரேமில் விரிசல் தேடுவது வீண் வேலை. பிறகு நிழலான இடத்தில் டார்ச்சை டியூபோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

கோட்டின் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் தட்டுப்படாமல் வழுக்கிப் போனால், அது மேலே உள்ள நிறமற்ற பூச்சுக்குள் (கிளியர் கோட்) இருக்கிற கோடாக இருக்க வாய்ப்பு அதிகம். நகம் மாட்டினால் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அந்த இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். அறுந்த இழை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சின் நார் அதில் சிக்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத முள்ளைப் பஞ்சு பிடித்துக் கொடுத்துவிடும். அப்படிச் சிக்கினால் அது பெயிண்ட் இல்லை. கை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கார்பன் இழை தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இன்னொரு வழி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஆறுவதைக் கவனிப்பது. மேற்பரப்பு உடனே காய்ந்துவிடும். பிளவுக்குள் இறங்கிய ஈரம் சில நொடி தாமதித்து மெல்லிய ஈரக்கோடாக நிற்கும். பெயிண்டில் மட்டும் இருக்கிற பிளவும் இப்படி ஈரம் காட்டும் என்பதால் இது இடத்தைக் குறித்துக்கொள்ளத்தான். தீர்ப்பு எழுத அல்ல.

கோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்றும் பாருங்கள். சீட்ஸ்டே (பின்சக்கரத்திலிருந்து சீட்டை நோக்கி ஏறும் மெல்லிய குழாய்) சீட் டியூபோடு சேரும் இடம் போன்ற ஒட்டுகளில், ஒட்டின் விளிம்பையே பிடித்துக்கொண்டு வளைந்து போகிற மயிர்க்கோடு பெரும்பாலும் பெயிண்டோ அதற்கடியில் பூசிய ஃபில்லரோதான். இரண்டு பகுதி லேசாக அசைகிற இடத்தில் பெயிண்டால் வளைய முடியாது, பிளக்கிறது. மாறாக, டியூபின் நட்டநடுவே, எந்த ஒட்டும் இல்லாத இடத்தில் குறுக்கே ஓடுகிற கோடு, ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கிளைக்கிற கோடு, பக்கத்தில் லேசான குழியோடு வருகிற கோடு, இவை மூன்றுக்கும் சந்தேகத்தின் பலனைக் கொடுக்காதீர்கள். பெயிண்ட் நன்றாக இருந்தாலும் குழி ஒன்று இருந்தாலே போதும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் தானாகக் குழியாகாது.

அடுத்து கட்டைவிரல். கோட்டின் இருபக்கமும் இரண்டு கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். மற்ற இடத்தைவிட மெத்தென்று உள்வாங்கினாலோ, ‘கிளிக்’ என்று சின்னச் சத்தம் வந்தாலோ சோதனை அங்கேயே முடிந்தது. வண்டியை ஓட்ட வேண்டாம்.

எல்லோரும் சொல்கிற நாணயச் சோதனையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் டியூபை மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டிக்’ என்று கணீரென்று பேசும், அடுக்கு பிரிந்த இடம் ‘தொப்’ என்று மங்கும். பலாப்பழம் தட்டிப் பார்த்து வாங்குகிற காது இதற்கு வேண்டும். சிக்கல் என்னவென்றால் சுவரின் தடிமன் மாறினாலும் சத்தம் மாறும், உள்ளே கேபிள் போகிற குழாய் இருந்தாலும் மாறும், ஒட்டு வந்தாலும் மாறும். சத்தம் படிப்படியாக மாறினால் அது தடிமன். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் திடீரென்று செத்து, ஒரு அங்குலம் தள்ளி மறுபடி உயிர் பெற்றால் அது சேதம். இடது சீட்ஸ்டேயில் அதே உயரத்தில் தட்டி வலதோடு ஒப்பிடுங்கள். பின்சக்கரத்திலிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு வரும் செயின்ஸ்டேயில் இந்த ஒப்பீடு எடுபடாது; பல ஃபிரேம்களில் இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் முடிவு தெரியவில்லையா? வாரண்டி கேட்கிற எண்ணம் இல்லையென்றால், கோட்டின் மேல் ஒரு சின்ன இடத்தில் 400 நம்பர் ஈர உப்புத்தாளால் பெயிண்டை மட்டும் தேய்த்து எடுக்கலாம். பெயிண்டோடு கோடும் போய்விட்டால் நிம்மதி. தண்ணீர் கறுப்பாக மாறத் தொடங்கினால் நிறுத்துங்கள், நீங்கள் கார்பனைத் தேய்க்கிறீர்கள். கோடு அங்கும் தொடர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

சீட்போஸ்ட்டைக் கழற்றிவிட்டு, போனில் மாட்டுகிற எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டும் பார்க்கலாம். உள்பக்கம் பெயிண்ட் கிடையாது என்பதால் அங்கே தெரிகிற பிளவு பொய் சொல்லாது. ஆனால் வார்ப்பின்போது உண்டான சுருக்கங்களும் பிசின் திட்டுகளும் உள்ளே நிறைய இருக்கும்; அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

“விழுந்தேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை”

பக்கவாட்டில் விழுந்திருந்தால் முதலில் டாப் டியூபின் முன்பகுதி. விழும் வேகத்தில் ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பி, அதன் முனையோ பிரேக் லீவரோ டாப் டியூபின் பக்கவாட்டில் வந்து குத்தும். சுவர் மெலிந்த இடம் அது. ஹேண்டில்பாரைக் கையால் முழுவதும் திருப்பி, எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்த்து, அங்கே பிறை வடிவத் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். சுவரில் சாய்த்து வைத்த வண்டி சரிந்தே இப்படி டாப் டியூப் போனதுண்டு. வேகமே வேண்டியதில்லை.

வலது பக்கம் விழுந்திருந்தால் பின் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற கருவி) தொங்குகிற ஹேங்கர். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். டீரெயிலரின் மேல் கீழ் புல்லி (சின்னப் பல்சக்கரம்) இரண்டும் செயினும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஹேங்கர் வளைவதற்கென்றே வைத்த அலுமினியத் துண்டு, அது வளைந்தால் பெரும்பாலும் ஃபிரேம் தப்பித்தது என்று பொருள். ஆனால் வளைந்ததோடு ஓட்டிப்போய், மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றினால் டீரெயிலர் ஸ்போக்கில் சிக்கும். சக்கரம் அதை இழுத்துச் சுற்றி சீட்ஸ்டேயில் அறையும். சில நூறு ரூபாய்ச் சாமானில் நிற்க வேண்டிய சேதம் ஃபிரேமையே கொண்டுபோவது இப்படித்தான்.

நேருக்கு நேர் மோதியிருந்தாலோ ஆழமான பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியிருந்தாலோ, ஹெட் டியூபுக்குப் பின்னால் ஒரு சாண் தூரம் வரை டவுன் டியூப் எனும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தையும் டாப் டியூபின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்னால் தள்ளப்படும்போது விசை முழுவதும் அங்கேதான் போய் முட்டுகிறது. வண்டியைத் தலைகீழாக்காமல் இந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை. ரிம்மில் நெளிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்பன் ரிம்மானால் அதற்கும் இதே நகம், பஞ்சு, நாணயம்.

“முன்பிரேக் பிடித்தால் ஆட்டம், ‘டக்’ என்ற சத்தம்”

மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். செயின்ஸ்டே விட்டுப்போனால் வண்டி தள்ளாடும், பெரும்பாலும் நிறுத்திவிடலாம். ஃபோர்க்கின் கழுத்தான ஸ்டீயரர் முறிந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும், முகம் ரோட்டில்.

2006ஆம் ஆண்டு பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பிக்கு நடந்தது இதுதான். கல் பாவிய பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரர் முறிந்து விழுந்தார். அது கார்பன்கூட அல்ல, அலுமினிய ஸ்டீயரர். அதே பந்தயத்தில் முன்னதாக ஒருமுறை விழுந்து எழுந்து ஓட்டி வந்திருந்தார். உலகத்தரமான மெக்கானிக்குகள் காரில் பின்தொடர்ந்த வண்டிக்கே இந்தக் கதி.

சோதனை: முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மற்ற கையின் விரல்களை ஹெட்செட்டின் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் தொகுப்பு) மேல் இடுக்கில் வைத்து, ஆட்டம் அங்கே உணரப்படுகிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் பேட் காலிப்பருக்குள் லேசாக ஆடுவதே ஹெட்செட் ஆட்டம் போலத் தோன்றும். சக்கரத்தை 90 பாகை திருப்பி வைத்து, பிரேக் பிடிக்காமல் மறுபடி ஆட்டினால் அந்தக் குழப்பம் தீரும். உண்மையான ஆட்டம் என்றால் ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியை அளவாக இறுக்கி, மறுபடி பக்க போல்ட்டுகளை அதற்குரிய விசையில் பூட்டுங்கள். சரி செய்த ஆட்டம் ஓரிரு ஓட்டத்தில் திரும்பவும் வந்தால் பேரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் ஃபோர்க்கைக் கழற்றுங்கள்.

கழற்றியதும் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஸ்டெம் கவ்வியிருந்த பகுதி ஒன்று, கீழே ஃபோர்க்கின் தோளில் பேரிங் உட்காருகிற இடம் மற்றொன்று. ஸ்டெம்மின் கீழ்விளிம்பு பட்ட இடத்தில் வளையமாக ஒரு பள்ளக்கோடு, வெள்ளை வெள்ளையாகப் பிசின் நொறுங்கிய தடம், போல்ட் பக்கம் நசுங்கல், இவற்றில் எது இருந்தாலும் ஃபோர்க்கை மாற்றுங்கள். ஸ்டீயரரை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கார்பன் ஹேண்டில்பாருக்கும் சீட்போஸ்ட்டுக்கும் என் பதில் அதேதான்: ரிப்பேர் கிடையாது, புதுசு.

ஸ்டீயரர் நசுங்காமல் உள்ளிருந்து தாங்குகிற விரிப்பான் பிளக் ஸ்டெம் கவ்வுகிற உயரத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது கீழே இறங்கிப்போய், வெறும் கூட்டை ஸ்டெம் நெரித்துக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். ஸ்டெம் போல்ட் விசை பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் ஸ்டெம்மில் அச்சிட்டிருப்பதுதான் இறுதி. இறுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் வண்டி வைத்திருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

“மிதிக்கும்போது கரகரவென்கிறது, ஃபிரேம் போச்சா?”

அநேகமாக இல்லை. கார்பன் டியூப் உள்ளீடற்றது, எங்கிருந்தோ வருகிற சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கித் தரும். பாட்டம் பிராக்கெட்டில் கேட்கிற சத்தம் சீட்போஸ்ட்டிலிருந்து வந்திருக்கும். எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் சீட்டும் சீட்போஸ்ட்டும். மிதிக்காமல் ஹேண்டில்பாரை இழுத்தால் வருகிறதா? ஸ்டெம், ஹெட்செட். மிதிக்கும்போது மட்டும் என்றால் பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள், பிறகு செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்) போல்ட், பின் ஆக்ஸில், ஹேங்கர் போல்ட், கடைசியில் பாட்டம் பிராக்கெட். அழுத்தி ஏற்றுகிற வகை பாட்டம் பிராக்கெட் என்றால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிற வண்டிக்கு மணலும் உப்புக்காற்றும் போதும்.

ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. சத்தம் விழுந்த நாளன்றே ஆரம்பித்திருந்தால் மட்டும் இந்த வரிசையை மறந்துவிட்டு மேலே சொன்ன பரிசோதனைக்குப் போங்கள்.

“செயின் கழன்று உள்ளே சிக்கியது”

சின்ன செயின்ரிங்குக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே செயின் மாட்டி, தெரியாமல் இன்னும் ஒரு மிதி மிதித்திருப்பீர்கள். கிராங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தால் நாலைந்து ஆழமான பல் தடம் இருக்கும். பெயிண்ட் மட்டும் போயிருந்தால் துடைத்து, நகப்பூச்சோ எபாக்சியோ பூசி, மேலே உலோகத் தகடோ தடித்த டேப்போ ஒட்டிவிடலாம். இழையே அறுபட்டு, தடத்தின் ஓரத்தில் கறுப்பு நுனிகள் மொட்டுவிட்டிருந்தால் நகம் வைத்து ஆழம் பாருங்கள். சுவரின் தடிமனில் கணிசமான பங்கு போயிருக்கிறது என்று பட்டால் ரிப்பேர்காரரிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். எதுவானாலும் முன் டீரெயிலரின் உள்பக்க லிமிட் திருகைச் சரிசெய்து, செயின் உள்ளே விழாமல் தடுக்கிற செயின் கேட்சர் ஒன்று மாட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமும் இதே கதை.

டயர் உரசுவதும் இதே பகுதியில்தான். சேற்று நாளில் மண் ஒட்டிய டயர் உப்புத்தாள் வேலையைச் செய்யும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே குறைந்தது 4 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 28 மில்லிமீட்டர் அகல டயர் போட வேண்டிய ஃபிரேமில் 32ஐத் திணிக்காதீர்கள்.

“சீட் இறங்கிக்கொண்டே போகிறது” / “சீட்போஸ்ட் வரவே மாட்டேன் என்கிறது”

இறங்குகிற போஸ்ட்டை நிறுத்த போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கை போகும். சீட் டியூபின் வாயில் இறுக்குவதற்காக விட்டிருக்கும் பிளவின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஓடுகிற விரிசலுக்கு அந்தக் கைதான் காரணம். போஸ்ட்டை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் ஆல்கஹாலால் துடைத்து, கார்பன் பேஸ்ட் தடவுங்கள். அதில் நுண்ணிய மணிகள் உண்டு. குறைந்த இறுக்கத்திலேயே கவ்விக்கொள்ளும். தயாரிப்பாளர் குறிப்பிட்டுச் சொல்லாதவரை கிரீஸ் வேண்டாம். போஸ்ட்டின் விட்டம் சரிதானா என்றும் பாருங்கள், 27.2 மில்லிமீட்டர் போக வேண்டிய இடத்தில் 27.0 போட்டால் எந்தப் பேஸ்ட்டும் காப்பாற்றாது. குறைந்தபட்சம் எதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று போஸ்ட்டில் போட்டிருக்கிற கோடு வெளியே தெரிகிறது என்றால், விரிசல் இன்னும் வரவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

சிக்கிக்கொண்ட போஸ்ட் பெரும்பாலும் அலுமினியம். கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியத்தோடு ஒட்டி, நடுவே உப்பு வியர்வையோ மழைநீரோ இருந்தால் அலுமினியம் அரித்து வீங்கும். வைஸில் போஸ்ட்டைப் பிடித்து ஃபிரேமைத் திருகுகிற வைத்தியத்தைக் கார்பனில் செய்ய வேண்டாம், ஹீட்கன்னும் வேண்டாம். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்து, கையால் வராவிட்டால் போஸ்ட்டை உள்ளேயே அறுத்து எடுப்பவரிடம் கொடுங்கள். பாட்டில் மாட்டுகிற போல்ட்டைச் சுற்றி பெயிண்ட் கொப்பளித்து வருவதும் இதே அரிப்புதான். ஃபிரேம் பலவீனமாவதைவிட அங்கே உள்ள அலுமினிய நட்டு சுற்ற ஆரம்பிப்பதுதான் முதல் தொல்லை.

“சரி, உடைந்துவிட்டது. இனி?”

முதலில் விற்ற கடையிலோ தயாரிப்பாளரிடமோ கேளுங்கள். விழுந்து உடைந்தது பொதுவாக வாரண்டியில் வராது, ஆனால் பல நிறுவனங்கள் விபத்தில் போன ஃபிரேமுக்குத் தள்ளுபடி விலையில் மாற்று தருகின்றன. முதல் உரிமையாளராக இருக்க வேண்டும், பில் வேண்டும்.

டியூபில் வந்த சேதத்தை நன்றாகவே ரிப்பேர் செய்யலாம். சரியான வேலை இப்படி இருக்கும்: சேதம் எதுவரை என்று முதலில் அல்ட்ராசவுண்டிலோ, பெயிண்டை எடுத்துப் பார்த்தோ கண்டுபிடிப்பார். அறுந்த பகுதியை நீக்கி, சுற்றிலும் பல சென்டிமீட்டருக்குச் சரிவாகத் தேய்த்து இறக்குவார். பழைய அடுக்குகள் எந்தக் கோணத்தில் போகின்றனவோ அதே கோணத்தில் புதிய கார்பனை எபாக்சியில் வைத்து, வெற்றிடப் பையாலோ இறுக்குகிற டேப்பாலோ அழுத்தி, பிசின் முழுதாக இறுகும்வரை வைத்திருந்து, பிறகு பெயிண்ட். கொஞ்சம் எடை கூடும்.

நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகு ரிப்பேர் செய்பவர்கள் இருக்கிறார்கள், கைராசிக்காரர்கள். சைக்கிளை அவர்களிடம் கொண்டுபோகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். படகில் போடுவது கண்ணாடி இழைப் பாயும் பாலியெஸ்டர் பிசினும். அங்கே கனத்தைக் கூட்டி வலுவைக் கொண்டுவரலாம். சைக்கிளில் எபாக்சியும் கோணம் தவறாத கார்பனும் வேண்டும். அதையும் கற்று வைத்திருக்கிறவர் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். கார் பட்டறையில் புட்டி வைத்து பெயிண்ட் அடிப்பது ரிப்பேரே அல்ல, அடுத்தவரிடம் விற்க மறைப்பது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒரே ஒரு டியூபில் மட்டும் பெயிண்ட் புதிதாக மின்னினால் காரணம் கேளுங்கள்.

பெயிண்டைக் கழற்ற ரசாயன ஸ்டிரிப்பர் போடக்கூடாது, எபாக்சியையும் தின்றுவிடும். பவுடர் கோட்டிங் அறவே கூடாது. சுமார் 180 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றுவார்கள், சைக்கிள் பிசின் அதைத் தாங்காது.

ரிப்பேர்காரரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை அடுக்கு வைத்தீர்கள், எந்தக் கோணத்தில், பெயிண்ட் அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோ உண்டா, எத்தனை காலத்துக்கு உத்தரவாதம். போட்டோ கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் ஃபிரேமைக் கொடுக்காதீர்கள். வண்டி திரும்பி வந்ததும் ரிப்பேரான இடத்தின் இரண்டு ஓரத்திலும் பென்சிலால் சின்னக் குறி போட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே சில நாள் ஓட்டி, ஒவ்வொரு முறையும் அந்த ஓரங்களில் நகத்தையும் நாணயத்தையும் ஓட்டிப் பாருங்கள்.